சுற்றுச்சூழல் ஆய்வும் கணினித் திரையும்



சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றைக் கூறி இப்பேச்சைத் தொடங்குகிறோம். அந்தமான் தலைநகருக்கு அண்மையில் பத்துபஸ்தி என்றோர் ஊர் உண்டு. தலைநகரின் பெயர் முன்னர்ப் போர்ட் பிளேர். 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம். பத்துபஸ்தியின் தேநீர்க் கடையில் மாலை வேளையில் சற்று நேரம் அமர்ந்திருந்தால், இராமநாதபுரத்துப் பேச்சும் திருநெல்வேலிப் பேச்சும் மாறி மாறிக் காதில் விழும். அங்குதான் எம் வீடு. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பது எம் தொழில்.

ஒரு நாள் மாலை, எம் தெருவில் வாழும் முதியவர் ஒருவர், துறைமுக வேலையில் கொத்தனாராய் இருந்து ஓய்ந்தவர், நான்காய் மடித்த செய்தித்தாள் ஒன்றை எம்மிடம் நீட்டினார். "தம்பி, இதுல நம்ம பக்கத்துப் பேரு போட்டிருக்குன்னு சொல்றாங்க. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சான அறிவிப்பு அது. அன்று எமக்கு அலுவல் மிகுதி. "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் ஐயா" என்று வாங்கி மேசைமேல் வைத்தோம். நாளை என்பது நாள் பலவாயிற்று. பிரித்துப் படித்தபொழுது, ஒரு பொதுத் திட்டத்தின்மீது மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டத்திற்கான அழைப்பு அது என்று தெரிந்தது. கூட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வரைபடத்தைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தோம். முதியவரின் வீடு திட்ட எல்லைக்கு வெளியே இருந்தது. கோடையில் அவர் குடும்பம் நீர் எடுக்கும் ஊற்று எல்லைக்குள்ளே இருந்தது.

அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "போகட்டும் தம்பி, நமக்கு யார் சொல்லப் போறா" என்றார். அச்சொல்தான் இப்பேச்சை எழுதத் தூண்டிற்று. பிற மாநிலங்களில் வாழும் தமிழர் பலருக்கும் இந்நிலை நேர்வதுண்டு. நம் ஊரில் சாலை வருகிறது, துறைமுகம் வருகிறது, அணை வருகிறது. அதனால் விளையும் நன்மை தீமைகளை ஆராயும் முறை ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அம்முறை இன்று பெரும்பாலும் கணினி வழியே நடக்கிறது. அது எவ்வாறு இயங்குகிறது, எங்கே உதவுகிறது, எங்கே தவறுகிறது என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஆய்வு என்பது யாது?

ஒரு கிணறு வெட்டுமுன் நம் முன்னோர் நிலத்தைப் பார்த்தனர், நீரோட்டத்தைப் பார்த்தனர், பக்கத்து வயலுக்குக் கேடு வருமா என்றும் கேட்டனர். பெரிய திட்டங்களுக்கு இதே விசாரணையைச் சட்டப்படி செய்வதே சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு. இதனைச் சட்டமாக முதலில் வகுத்த பெருநாடு அமெரிக்கா. அந்நாட்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1 அன்று கையொப்பமாயிற்று. நம் நாட்டில் 1970-களின் பிற்பாதியில் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களை இக்கண் கொண்டு நோக்கும் வழக்கம் தொடங்கியது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் வேண்டுமா, காடு வேண்டுமா என்று எழுந்த பெரும் விவாதம் அக்காலத்தது. 1984-இல் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதன் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ் 1994 ஜனவரி 27 அன்று முதல் அறிவிக்கை வந்தது. 2006 செப்டம்பர் 14 அன்று வந்த புதிய அறிவிக்கை அதன் இடத்தைப் பெற்றது. பல திருத்தங்களோடு இந்த 2006 அறிவிக்கையே ஆய்வு முறைக்கு அடிப்படை.

இந்த முறையில் நான்கு படிகள் உண்டு. முதற்படி, திட்டம் எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தல். பெரிய திட்டங்களை மத்திய அரசு ஆராயும். மற்றவற்றை மாநில அளவிலான ஆணையம் ஆராயும். இரண்டாம் படி, எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று வரம்பு கட்டுதல். காடு உண்டா, நீர்நிலை உண்டா, ஆமை முட்டையிடும் மணற்கரை உண்டா, மக்கள் எத்தனை பேர் என்னும் வினாக்கள் இங்கே வகுக்கப்படும். மூன்றாம் படி, மக்களின் கருத்தைக் கேட்டல். நான்காம் படி, வல்லுநர் குழு எல்லாவற்றையும் எடைபோட்டுப் பரிந்துரைத்தல். குழுவின் ஆய்வுக்கு 60 நாள், அதன்மேல் முடிவெடுக்க 45 நாள் என்று அறிவிக்கை கணக்கு வகுத்திருக்கிறது.

இந்த நான்கில் சாதாரண மனிதன் நேரே நுழையக்கூடிய வாயில் மூன்றாம் படி ஒன்றே. கூட்டம் நடக்குமுன் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைவு அறிக்கையின் படிகள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி மன்றம் முதலிய இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கூட்டத்திற்கு மாவட்ட ஆட்சியரோ, அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரோ தலைமை ஏற்பார். கூட்டம் முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற எண்ணிக்கை விதி இல்லை; வந்தவர் சிலரே ஆயினும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. எம் தெரு முதியவர் இழந்தது இந்த ஒரு வாயிலைத்தான்.

தாளிலிருந்து திரைக்கு

முன்னாளில் இந்த நான்கு படிகளும் தாளிலேயே நடந்தன. விண்ணப்பக் கட்டுகள் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அஞ்சலில் சென்றன. காடு சம்பந்தமான அனுமதி ஓரிடம். வனவிலங்கு சம்பந்தமானது வேறிடம். கடற்கரை சம்பந்தமானது இன்னோரிடம். ஒரே திட்டத்தின் வரைபடம் மூன்று அலுவலகங்களில் மூன்று விதமாய் இருப்பதும் உண்டு. கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அறியவே ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. தீவுகளில் இருப்போர்க்கு இத்துன்பம் இரட்டிப்பு. சென்னைக்குக் கப்பலில் செல்லவே மூன்று நாள் ஆகும்.

2014-இல் விண்ணப்பங்களை இணையவழி ஏற்கும் ஏற்பாடு தொடங்கியது. 2018 ஆகஸ்ட் 10 அன்று 'பரிவேஷ்' என்னும் ஒற்றைச் சாளரத் தளத்தை மத்திய அரசு தொடங்கி வைத்தது. பரிவேஷம் என்பது ஞாயிற்றையோ திங்களையோ சுற்றித் தோன்றும் ஒளிவட்டத்திற்குப் பெயர். இந்தியில் அச்சொல் சூழல் என்றும் பொருள்படும். இத்தளத்தில் சுற்றுச்சூழல், காடு, வனவிலங்கு, கடற்கரை ஆகிய நான்கு வகை அனுமதிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பம் செய்யலாம். விண்ணப்பம் எந்த நாளில் வந்தது, யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளாய் இருக்கிறது என்பதைத் திரை காட்டும். வல்லுநர் குழுவின் நிகழ்ச்சி நிரலும் கூட்டக் குறிப்புகளும் அங்கே ஏற்றப்படுகின்றன.

கோப்பு தேங்கினால் தேங்கிய இடம் தெரிகிறது. ஒரே வரைபடத்தை எல்லாத் துறையும் பார்ப்பதால் முரண்பாடு குறைகிறது. எல்லாவற்றினும் மேலாக, தில்லியில் நடக்கும் குழுக்கூட்டத்தில் நம் ஊரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதைப் பத்துபஸ்தியில் அமர்ந்தபடியே படிக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் இது கனவிலும் இல்லை.

ஆயினும் தளம் இருந்தால் மட்டும் போதாது. அதனை அடைய வழியும் வேண்டும். அந்தமானில் இணையம் நீண்ட காலம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் பயன்பாட்டிற்கு வந்தது. தலைநகரோடு கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், சிறிய அந்தமான் முதலிய தீவுகளையும் அது இணைத்தது. அறிக்கை ஒன்றைத் தீவிலிருந்தே இறக்கிப் படிப்பது உண்மையில் கைகூடியது அதன் பின்னர்தான்.

பிற நாடுகளும் இவ்வழியே செல்கின்றன. அமெரிக்காவில் பெருந்திட்ட அறிக்கை ஒன்று முடிவதற்குச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் ஆவதாக 2020-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் மன்றமே கணக்கிட்டது. 2025 ஏப்ரலில் அனுமதிப் பணிகளுக்கான கணினி முறைகளைப் புதுப்பிக்கும்படி அந்நாட்டு அதிபர் ஆணையிட்டார். அடுத்த மாதமே அம்மன்றம் செயல்திட்டம் வெளியிட்டது. ஒவ்வொரு துறையும் தன் தரவைத் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்காமல், எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரே வடிவில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நோய் எங்கும் ஒன்றே. மருந்தும் ஏறக்குறைய ஒன்றே.

வரைபடம் எவ்வாறு பேசுகிறது?

கணினி முறையின் உயிர்நாடி வரைபடம். திட்டத்தார் தம் எல்லையை ஆயத்தொலைகளால் குறித்துத் தளத்தில் ஏற்றுவர். காடு, சரணாலயம், ஆறு, கடற்கரை மண்டலம், பழங்குடிகளின் காப்பகம் எனப் பல அடுக்குகளை அவ்வெல்லையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். மெல்லிய தாளில் வரைந்த பல படங்களை அடுக்கி விளக்கின் எதிரே பிடித்துப் பார்ப்பது போன்றது இது. எங்கே இரண்டு கோடுகள் வெட்டிக் கொள்கின்றனவோ, அங்கே ஒரு வினா பிறக்கிறது. மனிதர் ஒரு மாதம் தேடிக் கண்டுபிடிப்பதைக் கணினி ஒரு நொடியில் காட்டுகிறது.

ஆனால் அடுக்கில் உள்ள படம் எந்த ஆண்டினது என்ற கேள்வியைக் கணினி தானாகக் கேட்பதில்லை. இதற்குச் சான்று எம் ஊருக்கு அண்மையிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த பெரு நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியில் நெல் விளைந்த வயல்களில் கடல்நீர் புகுந்து, மீளாமல் தங்கிவிட்டது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் சுமார் நான்கு மீட்டர் அமிழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கம் நீரில் நின்றது. அந்நாளுக்கு முற்பட்ட படத்தை வைத்துக் கணக்கிட்டால், இன்று கடலாய் இருக்கும் இடம் திரையில் கழனியாய்த் தோன்றும். திரையில் தோன்றும் கோடு துல்லியமாய் இருக்கும்; மண்ணில் அக்கோடு இருக்காது. ஆகவே, நேரில் சென்று அளந்து சரிபார்த்தல் என்னும் பழைய வேலை ஒருநாளும் ஓய்வதில்லை.

பெரிய நிக்கோபார் தரும் பாடம்

இத்தீவுகளில் அண்மைக் காலத்தில் நடந்த மிகப் பெரிய ஆய்வு பெரிய நிக்கோபாருக்குரியது. நிதி ஆயோக் வகுத்த திட்டம் அது. கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டிகளைக் கப்பல் மாற்றும் துறைமுகம், விமான நிலையம், எரிவாயுவாலும் கதிரொளியாலும் இயங்கும் மின்நிலையம், புதிய நகர் ஆகிய நான்கும் அதில் அடங்கும். தீவின் பரப்பு சுமார் 910 சதுர கிலோமீட்டர்; திட்டத்தின் பரப்பு 166 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்; அதில் காடு 130.75 சதுர கிலோமீட்டர். வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று அரசினர் நாடாளுமன்றத்தில் மதிப்பிட்டுக் கூறினர். ஷோம்பென் என்னும் தொல்குடியினரும் நிக்கோபாரி மக்களும் இத்தீவின் பூர்வ குடிகள். 2011 கணக்கெடுப்பில் ஷோம்பென்கள் 229 பேர். பெருந்தோணி ஆமை என்னும் மிகப் பெரிய கடலாமை கலத்தியா மணற்கரையில் முட்டையிடுகிறது. 1969 முதல் குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களும் அத்தீவில் வாழ்கின்றன.

நாட்களின் வரிசையைப் பாருங்கள். 2021 ஜனவரியில் கலத்தியா விரிகுடாச் சரணாலயத்தின் தகுதி நீக்கத்திற்கு ஒப்புதல் தரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் ஆய்வின் வரம்பு வகுக்கப்பட்டது. டிசம்பரில் வரைவு அறிக்கை வெளிவந்தது. 2022 ஜனவரி 27 அன்று காம்ப்பெல் பேயில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. நவம்பர் 11 அன்று சுற்றுச்சூழல் அனுமதியும் கடற்கரை அனுமதியும் கிடைத்தன. அதே நவம்பரில் சிறிய, பெரிய நிக்கோபார்ப் பழங்குடி மன்றத்தார், காட்டு நிலத்தை மாற்றுவதற்கு ஆகஸ்டில் தாங்கள் தந்த இசைவைத் திரும்பப் பெற்றுக் கொண்டதாக எழுதினர். 2023 ஏப்ரல் 3 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சில அம்சங்களை மீண்டும் நோக்க உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது.

கடற்கரையில் மிகுந்த காப்புக்குரிய வகுப்பில் திட்டத்தின் சுமார் 7 சதுர கிலோமீட்டர் அடங்குவதாக முன்னர்த் தீவு நிர்வாகத்தார் தந்த கணக்கு கூறிற்று. பின்னர் நேரில் சென்று அளந்த தேசிய மையம், அவ்வகுப்பில் திட்டத்தின் பகுதி எதுவும் இல்லை என்று கூறிற்று. எது சரி என்று தீர்ப்பது எம் வேலையன்று. ஒரே கரை, இரண்டு கணக்கு. கணினி எந்தக் கணக்கை உள்ளே வாங்குகிறதோ, அதையே வெளியே தரும். அக்கணக்கை யார் எடுத்தார், எந்நாளில் எடுத்தார், எப்படி எடுத்தார் என்பனவற்றைப் பொதுமக்கள் பார்க்க முடிந்தால்தான் ஐயம் தெளியும்.

மற்றொன்றும் கூற வேண்டும். ஷோம்பென்களிடம் கணினியும் இல்லை, செய்தித்தாளும் இல்லை. நாட்டின் மிக வேகமான தளமும் அவர்கள் குடிசை வாயிலில் நின்றுவிடும். அவர்களுடைய மொழி அறிந்த மனிதர், அவர்களுடைய நேரத்திற்குக் காத்திருந்து பேசுவதற்கு ஈடாக எந்தக் கருவியும் இதுவரை வரவில்லை.

விரைவும் விழிப்பும்

கோப்பு தேங்குவது பெருந்தீமை. பள்ளிக்கூடமும் குடிநீர்த் திட்டமும் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடப்பதை யாரும் விரும்பார். ஆகவே விரைவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணினி நாட்களை எளிதில் எண்ணும். ஆய்வின் ஆழத்தை எளிதில் எண்ணாது. எளிதில் எண்ணக்கூடியதையே நாம் பெரிதாக மதிக்கத் தொடங்கிவிடுவோம். 2022 ஜனவரியில் மாநில ஆணையங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்கும் முறை ஒன்று அறிவிக்கப்பட்டது. அனுமதி தரும் விரைவுக்கு அதில் மதிப்பெண் இருந்தது. அது பெரும் விவாதத்திற்கு இடமாயிற்று. கேள்வி மிகுதியாய்க் கேட்பவன் மதிப்பெண் இழப்பானோ என்ற அச்சம் அவ்விவாதத்தின் வேர்.

தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். மணிக்கு எத்தனை தாள் திருத்தினார் என்று மட்டும் கேட்டால், அவர் மை தீரும் வேகத்தில் திருத்துவார். மாணவன் எழுதியதைப் படித்தாரா என்று யாருக்குத் தெரியும்? கோப்பைச் சுமந்து செல்லும் நேரம், வரைபடத்தைத் தேடும் நேரம், முத்திரைக்குக் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கணினி மிச்சப்படுத்தட்டும். அவ்வாறு மிஞ்சும் நேரம் காட்டில் நடப்பதற்கும் மக்களிடம் பேசுவதற்கும் போய்ச் சேரட்டும். ஆமை முட்டையிடும் பருவத்தையும் மழைக்காலத்து ஓடையையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட முடியாது.

மொழி என்னும் வாயில்

இனி எம் தொழிலோடு ஒட்டிய செய்திக்கு வருவோம். 2020 மார்ச்சில் 2006 அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவு வெளிவந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்த அதனைத் தத்தம் மொழியில் படிக்க முடியாதவர் எப்படிக் கருத்துக் கூறுவர் என்று வழக்கு எழுந்தது. அவ்வாண்டு ஜூன் 30 அன்று தில்லி உயர்நீதிமன்றம், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதனைப் பத்து நாளில் மொழிபெயர்க்குமாறு கூறி, கருத்துக் கூறும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. மொழிபெயர்ப்பின் காரியம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மக்களிடமிருந்து வந்த கருத்துகள் லட்சக்கணக்கில் இருந்தன. சட்ட வாசகத்தை மொழிபெயர்ப்பது அலங்காரம் என்று எண்ணியிருந்த சிலருக்கு, அது வாயிற்கதவின் திறவுகோல் என்பது அவ்வாண்டில் விளங்கிற்று.

அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தோடு மாநிலத்தின் ஆட்சி மொழியிலோ வட்டார மொழியிலோ தரப்படுவது முறை. தமிழ்நாட்டில் அது தமிழில் வருகிறது. பிற மாநிலத்தில் வாழும் தமிழருக்குத்தான் இடர். அந்தமானின் ஆட்சி மொழிகள் இந்தியும் ஆங்கிலமும். 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளி பேசுவோர் இன்னும் அதிகம். தெலுங்கரும் நிக்கோபாரி மக்களும் உண்டு. இவர்களில் எழுத்தறிந்தோர் பலரும் கடைப்பலகையை இந்தியில் படிப்பர். சட்ட அறிவிப்பை இந்தியில் படித்துப் பொருள் கொள்வது வேறு காரியம்.

கணினி மொழிபெயர்ப்பு இங்கே கைகொடுக்கும். 2022-இல் மத்திய அரசு 'பாஷிணி' என்னும் மொழிக்கருவியைத் தொடங்கியது; வேறு கருவிகளும் உள்ளன. ஒரு நொடியில் பத்துப் பக்கம் தமிழாகிறது. நாமும் அவற்றைப் பயன்படுத்துகிறோம்; நன்றி மறக்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. ஒருமுறை எம் மேசைக்கு வந்த கணினித் தமிழ் வரைவில் மின்நிலையம் 'மின் செடி' ஆகியிருந்தது. அதனைப் படித்தவர் சிரித்துவிடுவார். தவறு உடனே பிடிபடும். பிடிபடாத தவறே கொடியது. 'ஃபாரஸ்ட் கிளியரன்ஸ்' என்பது காட்டு நிலத்தைப் பயன்படுத்தச் சட்டம் தரும் அனுமதி. கருவி அதனைக் 'காடழிப்பு' என்று தந்தது. அனுமதி இன்னும் கேட்கப்படும் நிலையில் இருக்க, காடு அழிந்துபோனதாகப் படிப்பவர் எண்ணுவார். 'ஃபாரஸ்ட் டைவர்ஷன்' என்பது 'வனத் திசைதிருப்பல்' ஆயிற்று. காடு எந்தத் திசையில் திரும்பும்? காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுதல் என்பது அதன் பொருள். அதைச் சொன்னால்தான் எத்தனை மரம், எத்தனை ஏக்கர் என்ற அடுத்த கேள்வி பிறக்கும். 'பப்ளிக் ஹியரிங்' என்பதைப் 'பொது விசாரணை' என்று எழுதினால், யாரோ குற்றம் செய்தாரென்று மக்கள் ஒதுங்கிப் போவர். 'மக்கள் கருத்துக்கேட்பு' என்றால் வாய் திறக்க வருவர். ஒரு சொல்லில் ஒரு கூட்டமே கூடும், கலையும்.

ஆகவே கருவி முதல் வரைவைத் தரட்டும். அதனை அறிந்தவர் ஒருவர் படித்துத் திருத்தட்டும். திருத்தியவர் ஊர்க்காரர் ஒருவருக்கு அதனை வாசித்துக் காட்டட்டும். இம்மூன்றும் சேர்ந்தால் ஒரு நாள் வேலை. முன்பு பத்து நாள் ஆயிற்று. மிச்சமான ஒன்பது நாளும் அறிவிப்பைப் படிக்க வேண்டியவருக்குக் கிடைக்கும்.

நாம் செய்யக் கூடியவை

பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு எம் அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்.

முதலாவது, உங்கள் வட்டாரத்தில் பெரிய கட்டுமானம் பற்றிய பேச்சு எழுந்தால், பரிவேஷ் தளத்தில் மாநிலத்தையும் திட்டத்தையும் கொண்டு தேடுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள். அவ்வெண் இருந்தால் பின்னர் எதையும் தொடரலாம்.

இரண்டாவது, கருத்துக்கேட்புக்கு நேரில் செல்ல முடியாதவர் எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்க அறிவிக்கையில் இடமுண்டு. மும்பையிலோ தில்லியிலோ அந்தமானிலோ வாழும் ஒருவர், தம் சொந்த ஊரில் வரும் திட்டத்தைப் பற்றியும் உரிய காலத்திற்குள் எழுதலாம். "எதிர்க்கிறேன்", "ஆதரிக்கிறேன்" என்று மட்டும் எழுதினால் அது எண்ணிக்கையில் சேரும். "இந்த எல்லைக்குள் ஓர் ஊற்று இருக்கிறது, கோடையில் இத்தனை குடும்பம் நீர் எடுக்கிறது, அறிக்கையில் அது இல்லை" என்று எழுதினால் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, அறிக்கையின் சுருக்கம் புரியும் மொழியில் இல்லையென்றால் அதனையே முதற்குறையாக எழுதிக் கேளுங்கள். தமிழ்ச் சங்கங்கள் இதனைத் தம் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் இளைஞர் நால்வர், ஒரு மாலைப்பொழுதில் ஓர் அறிவிப்பைத் தமிழாக்கிச் சங்கத்தின் பலகையில் ஒட்டலாம். கைப்பேசியில் குரலாகவும் அனுப்பலாம், எழுத்தறியாதவரும் கேட்பர்.

நான்காவது, அனுமதி கிடைத்ததோடு கதை முடிவதில்லை. அனுமதியில் விதித்த நிபந்தனைகளைத் திட்டத்தார் நிறைவேற்றினரா என்று ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1-லும் டிசம்பர் 1-லும், அறிக்கை தர வேண்டும் என்பது 2006 அறிவிக்கையின் விதி. அதனையும் கேட்டுப் படிக்கலாம். நட்ட மரம் நின்றதா என்பதை, அவ்வழியே தினமும் நடப்பவரே நன்கு அறிவார்.

நிறைவாக ஒன்று. அந்த முதியவருக்காகக் கூட்டம் முடிந்த பின்னரும் ஒரு கடிதம் எழுதினோம். ஊற்று இருக்குமிடத்தைக் கைப்பேசியின் துணையால் ஆயத்தொலையோடு குறித்தோம். அவர் தமிழில் கையொப்பமிட்டார். கடிதம் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது. அதற்கு மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொல்லியிருந்தால், அவர் சொல் ஒளிப்பதிவில் ஏறி, குழுவின் முன் சென்றிருக்கும். அதற்கு வேண்டியிருந்தது ஒரு நாள். அந்த நாள் எம் மேசைமேல் மடித்தபடி கிடந்தது.

இப்பொழுது அவர் எந்த அறிவிப்பைக் கொணர்ந்தாலும், அவரை நிற்க வைத்துக்கொண்டே படித்துச் சொல்கிறோம். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் தாளை நீட்டுவார். வாங்கி அப்பொழுதே படியுங்கள்.